உப்புக்காற்றில் நைலான்: கருவிகளின் உதறலும் இரைச்சலும்

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் கரைகளில் விசைப்படகுகளைப் பழுதுபார்க்க ஏற்றிவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாளும் பட்டறைகளில் கிரைண்டர் சத்தம் ஓயாது. எஞ்சின், வலைக் கயிற்றை இழுக்கும் வின்ச், ஐஸ் உடைக்கும் மெஷின் என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கிற காலம் இது. அதிர்வையும் சத்தத்தையும் குறைக்க ஏதாவது செய்வதென்றால் அதற்கும் இதுவே சமயம்.

இந்தச் சமயத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். மோட்டார் உதறுகிறது என்று நான்கு காலுக்கும் அடியில் 20 மி.மீ. நைலான் கட்டை வைத்து, போல்ட்டை இறுக முறுக்கிவிடுகிறார்கள். நைலான் அதிர்வைக் குடித்துவிடும் என்று நம்பிக்கை. மோட்டாரை ஓட்டினால் உதறல் அப்படியே இருக்கும். பழி நைலான் மேல் விழும்.

ஒரு பொருள் அதிர்வைத் தடுக்க வேண்டுமென்றால் பாரத்தில் அது கண்ணுக்குத் தெரிகிற அளவு அமுங்க வேண்டும். இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. எடை ஏறும்போது எத்தனை மி.மீ. அமுங்குகிறது என்று பாருங்கள். அதன் வர்க்கமூலத்தால் 15.8-ஐ வகுத்தால் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண் ஹெர்ட்ஸில் கிடைக்கும். மெஷினின் அதிர்வெண் இதைப்போல் 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் தடுப்பே தொடங்கும். 3 மடங்கு இருந்தால் நல்லது.

60 கிலோ மோட்டார், காலுக்கு 15 கிலோ, 50 மி.மீ. சதுர நைலான் கட்டை என்று வையுங்கள். அந்தப் பாரத்தில் கட்டை அமுங்குவது ஒரு மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இயல்பு அதிர்வெண் 500 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடுகிறது. 1440 சுற்றில் ஓடும் மோட்டாரின் அதிர்வோ 24 ஹெர்ட்ஸ். அந்த மோட்டாருக்கு நைலான் கட்டையும் கருங்கல்லும் ஒன்றுதான்.

அங்கே வேண்டியது ரப்பர் மவுண்ட் (மெஷினின் காலுக்கு அடியில் வைக்கும் ரப்பர் தாங்கி), அல்லது மெத்தென்ற பி.யூ. (பாலியுரேத்தேன்). 1 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண் 16 ஹெர்ட்ஸ். அப்போதும் முக்கால் பங்கு அதிர்வு தரைக்குப் போய்விடும். 3 மி.மீ. அமுங்கினால் 9 ஹெர்ட்ஸ், தரைக்குப் போவது ஆறில் ஒரு பங்கு. 4 மி.மீ. என்றால் எட்டில் ஒரு பங்கு. நின்ற நிலையில் அளக்கும்போது தெரிவதைவிட ஓட்டத்தில் ரப்பர் கொஞ்சம் விறைப்பாகவே நடந்துகொள்ளும். ஆகவே கணக்குக்கு மேல் கொஞ்சம் தாராளமாக எடுங்கள்.

மோட்டாருக்கு நன்றாக உழைத்த அதே மவுண்டை ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினுக்குப் போட்டால் உதறல் கூடும். 1500 சுற்றில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது. அதாவது 12.5 ஹெர்ட்ஸ். 9 ஹெர்ட்ஸ் மவுண்டுக்கு இது மிக நெருக்கம். தடுப்பதற்குப் பதிலாக அதிர்வை ஊட்டிவிடும். மோட்டாருக்கு ஒரு கணக்கு, எஞ்சினுக்கு வேறு கணக்கு.

மவுண்ட் சரியாக இருந்தும் பலன் இல்லையென்றால் போல்ட்டைப் பாருங்கள். ரப்பரைத் துளைத்துப் போகும் இரும்பு போல்ட், மேல் தகட்டையும் கீழ் தகட்டையும் நேராகச் சேர்த்துக் கட்டிவிட்டால் அதிர்வு போல்ட் வழியாகவே போய்விடும். போல்ட்டைச் சுற்றி ரப்பர் குழாய், மேல் தகட்டின் மேல் ரப்பர் வாஷர், அதற்கு மேல் இரும்பு வாஷர், அதன் பிறகு நைலாக் நட் என்று வர வேண்டும். நைலாக் நட் உள்ளே இருக்கும் நைலான் வளையத்தால் கழன்று போகாமல் நிற்கும். எனவே ரப்பரை நசுக்குகிற அளவுக்கு முறுக்கத் தேவையில்லை. பெல்ட்டில் ஓடும் மெஷினாக இருந்தால் மோட்டாரை மட்டும் மெத்தையில் ஏற்றாதீர்கள். பெல்ட் இழுக்கும்போது மோட்டார் சாயும், பெல்ட் லூஸாகும். மோட்டாரும் மெஷினும் ஒரே பிரேமில் இருக்கட்டும், அந்த பிரேமுக்கு அடியில் மவுண்ட் போடுங்கள்.

அப்படியானால் நைலான், டெல்ரின் (அசெட்டால் என்ற பிளாஸ்டிக்), யு.எச்.எம்.டபிள்யூ. (ஒரு வகைப் பாலிதீன்) போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு வேலை எங்கே? இரும்பும் இரும்பும் முட்டுகிற இடத்தில். இரும்பில் ஐஸோ கல்லோ கம்பியோ வந்து மோதுகிற இடத்தில். இரும்புப் பட்டை ஒன்றையும் அதே அளவு நைலான் பட்டை ஒன்றையும் நூலில் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இரும்பு 'டிங்' என்று இழுத்து ஒலிக்கும். நைலான் 'டொக்' என்று அதோடு முடித்துக்கொள்ளும். அதிர்வைத் தனக்குள்ளேயே சூடாக மாற்றித் தீர்த்துவிடுகிற குணம் இரும்பில் மிகக் குறைவு. பிளாஸ்டிக்கில் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டாவது காரணம், கொஞ்சம் மெத்தென்ற பரப்பில் மோதல் சற்று நேரம் நீடித்து நடக்கும். அதனால் காதைக் குத்துகிற உச்சச் சத்தம் பிறக்கும் இடத்திலேயே அடங்கிவிடும்.

ஐஸ் உடைக்கும் மெஷினில் இதை நன்றாகக் காணலாம். 50 கிலோ ஐஸ் பார் இரும்புத் தகட்டு வாயில் விழும்போது வரும் சத்தம், முள் உருளையில் சிக்கிய துண்டுகள் தெறித்துத் தகட்டில் அடிக்கும் சத்தம், இரண்டும் சேர்ந்துதான் அந்த இடத்தில் நிற்கிறவர்களின் காதைக் கெடுக்கின்றன. மோட்டாரின் பங்கு அதில் சிறியது. வாயின் உட்புறத்தில் யு.எச்.எம்.டபிள்யூ. ஷீட் போட்டால் வித்தியாசம் உடனே தெரியும். பாலிதீன்தான், ஆனால் மூலக்கூறுச் சங்கிலி மிக நீளமாக இருப்பதால் தேய்மானத்துக்கும் அடிக்கும் அசராது. ஐஸ் குளிரிலும் வெடிக்காது, தண்ணீரைக் குடிக்காது. இந்த வேலைக்கு நைலானைவிட இதுவே மேல்.

பார் வந்து விழுகிற சரிவில் 10 மி.மீ. ஷீட், பக்கச் சுவர்களில் 6 மி.மீ. போதும். மீனில் படப்போகிற ஐஸ் என்பதால் உணவுத் தரமுள்ள புது வெள்ளை ஷீட்டாக வாங்குங்கள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றிய கறுப்பு ஷீட் விலை குறைவு என்று ஆசைப்பட வேண்டாம். வெள்ளை ஷீட் வெயிலில் வெளுத்துப் பொடியும், எனவே மேலே கூரை இருக்கட்டும்.

இதைப் பசையால் ஒட்ட முடியாது. எந்தப் பசையும் நிற்காது, அரால்டைட் உட்பட. போல்ட்தான் வழி. அதற்கு முன் ஒரு கணக்கு. இந்த ஷீட் ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.2 மி.மீ. நீளும். இரும்போ 0.012 மி.மீ.தான். ஐஸ் போடும்போது 0 டிகிரி, நண்பகலில் காலியாக நிற்கும்போது தகடு 45 டிகிரி. 600 மி.மீ. ஷீட் அந்த இடைவெளியில் 5.4 மி.மீ. நீண்டு சுருங்குகிறது. எல்லாத் துளையையும் போல்ட் அளவுக்கே போட்டு இறுக்கினால் ஷீட் நடுவில் உப்பிக் குமிழாக எழும். அடுத்த பார் அந்தக் குமிழில் விழுந்து போல்ட் தலையைப் பிய்த்துவிடும். ஷீட் வேலைக்கு ஆகவில்லை என்று கழற்றி எறியப்படும் இடங்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

நடுவில் ஒரு துளை மட்டும் போல்ட் அளவுக்கு இருக்கட்டும். மற்றவை எல்லாம் நடுவை நோக்கிய நீள்துளைகள். எம்8 போல்ட்டுக்கு 9 மி.மீ. அகலம், 15 மி.மீ. நீளம். 10 மி.மீ. ஷீட்டில் தலைக்கும் வாஷருக்கும் 7 மி.மீ. ஆழம் குடைந்து இறக்குங்கள், அடியில் 3 மி.மீ. நிற்கும். கூம்புத் தலை ஸ்க்ரூ வேண்டாம், அது நீள்துளையில் நகர விடாது. போல்ட், வாஷர் எல்லாம் 316 எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்); 304 இந்தக் கடற்கரையில் சீக்கிரம் துருப்புள்ளி விடும். நட்டை இறுக்கிவிட்டுக் கால் சுற்று பின்னுக்குத் திருப்புங்கள். பக்கச் சுவர் ஷீட்டை மேல் விளிம்பில் மட்டும் பட்டை வைத்துப் பிடித்துத் தொங்கவிட்டு, கீழே அது படபடக்காமல் ஒரு தடுப்புப் பட்டை கொடுத்தால் போதும். மூட்டுகளை ஓடு வேய்வதுபோல மேல் ஷீட் கீழ் ஷீட்டின் மேல் வரும்படி வையுங்கள். எதிர்த்து நிற்கும் விளிம்பில் ஐஸ் முட்டிப் பெயர்க்கும்.

உருளை முள்ளுக்கு 50 மி.மீ. முன்பாகவே ஷீட்டை நிறுத்திவிட வேண்டும். 15 மி.மீ. இடைவெளி உள்ள இடத்தில் 10 மி.மீ. ஷீட்டை விட்டால், சூட்டில் நீண்டு முள் கவ்வும், பிறகு முழு ஷீட்டையும் உள்ளே இழுக்கும். வேலை தொடங்கும் முன் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று இந்த மெஷினுக்குள் கையை விடக் கூடாது.

ஷீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் 3 மி.மீ. ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் வைத்தால் சத்தம் இன்னும் இறங்கும். ஆனால் இடுக்கில் உப்பும் மீன்நீரும் தங்கும். காற்றுப்படாத இடுக்கில் எஸ்.எஸ். தகடுகூட அரித்துப்போகும். மாதம் ஒருமுறை கீழ்த் தடுப்பைக் கழற்றி நல்ல தண்ணீர் பீய்ச்ச வழி வைத்துவிட்டே ரப்பர் போடுங்கள். முடியாதென்றால் ரப்பர் வேண்டாம், ஷீட் மட்டும் போதும்.

வாய் அடங்கியதும் இதுவரை கேட்காத சத்தங்கள் கேட்கும். முதலில் பெல்ட் மூடி. மெல்லிய தகட்டை நான்கு போல்ட்டில் பிடித்து வைத்தால் அது தம்பட்டம். பிடிக்கிற இடங்களில் நைலான் வாஷரும் ரப்பர் பட்டையும் கொடுங்கள். அதைவிட நல்லது, துளையுள்ள தகட்டில் புது மூடி செய்வது. இரு பக்கக் காற்றும் துளை வழியே கலந்துவிடுவதால் அது சத்தத்தை அவ்வளவாகப் பரப்பாது.

அடுத்து கப்ளிங். மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் பல்-கப்ளிங்கின் நடுவில் இருக்கும் நட்சத்திர ரப்பரைப் பட்டறையில் ஸ்பைடர் என்றும் ஸ்டார் என்றும் சொல்வார்கள். கறுப்பு ரப்பர் ஸ்பைடர் பொடிந்து உதிர்ந்ததும் பி.யூ. ஸ்பைடர் போடுவது வழக்கம். பி.யூ.-வில் பாலியெஸ்டர், பாலியீதர் என்று இரண்டு வகை. பாலியெஸ்டர் வகை எண்ணெயைத் தாங்கும், ஆனால் சூடும் ஈரமும் சேர்ந்தால் நீரே அதன் சங்கிலியை அறுத்துவிடும். சில மாதங்களில் பாலாடைக்கட்டிபோல் உதிரும். நம் கரைக்குப் பாலியீதர் என்று கேட்டு வாங்க வேண்டும். ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ கணக்கில் 92 சாதாரண வேலைக்கு ஏற்றது. 98 போட்டால் பாரம் கூடத் தாங்கும், ஆனால் அதிர்வை அதிகமாகக் கடத்தும். புது ஸ்பைடர் போட்டும் கடகடவென்றால் ஸ்பைடரில் குறையில்லை, இரண்டு சாஃப்டும் நேர்கோட்டில் இல்லை. டயல் கேஜ் வைத்துப் பார்த்து 0.2 மி.மீ.-க்குள் கொண்டுவாருங்கள்.

கியரில் நைலான் போடுவது பழைய, நல்ல வழக்கம். இரும்பு கியரும் இரும்பு கியரும் போடும் கூச்சல், ஒன்றை வார்ப்பு நைலானாக மாற்றியதும் அடங்கிவிடும். ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். இரண்டும் நைலான் என்றால் பல்லில் பிறக்கும் சூடு வெளியேற வழி இல்லை, நைலான் சூட்டை மிக மோசமாகக் கடத்தும். பல் மெழுகாகி வழியும். சிறிய பினியன் இரும்பு, பெரிய சக்கரம் நைலான் என்பது சரியான ஜோடி. பினியன் பல் வழவழப்பாக இருக்க வேண்டும். கரகரத்த பல் நைலானை அரம்போல் அராவித் தள்ளும். சாஃப்டோடு கியரைப் பூட்டும் கீ இருக்கும் பள்ளத்தின் மூலைகளைக் கூராக விடாமல் உருட்டிவிடுங்கள், விரிசல் அங்கேதான் பிறக்கும். பாரம் அதிகமென்றால் நடுவில் இரும்பு ஹப் வைத்து, அதைச் சுற்றி நைலான் வளையத்தை போல்ட் செய்வதே என் தேர்வு.

இனி தண்ணீர். இந்தக் கரையில் நைலானைப் பற்றிப் பேசினால் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். நைலான் காற்றிலிருந்தே ஈரத்தைக் குடிக்கும். சாதாரணக் காற்றில் எடையில் 2.5 முதல் 3 சதவீதம், முழுக்க நீரில் கிடந்தால் வார்ப்பு நைலான் 6 முதல் 7 சதவீதம். 1 சதவீதம் நீர் ஏறினால் நீளம் 0.2 முதல் 0.3 சதவீதம் கூடுகிறது. 200 மி.மீ. நைலான் கியர் 3 சதவீதம் குடித்தால் விட்டத்தில் 1.2 முதல் 1.8 மி.மீ. வரை பெருக்கும். பல்லுக்கும் பல்லுக்கும் இடையே விட்ட இடைவெளி போய்விடும். இது ஒரே நாளில் நடப்பதில்லை. கனமான துண்டுக்குள் நீர் இறங்க மாதக்கணக்கில் ஆகும். தடைக்காலத்தில் மாட்டிய கியர் ஆடியில் நன்றாக ஓடி, ஐப்பசி மழை கழிந்து முனகத் தொடங்குவது இதனால்தான்.

புஷ்ஷில் இது இன்னும் மோசம். 40 மி.மீ. சாஃப்ட், 52 மி.மீ. வெளிவிட்டம், 6 மி.மீ. சுவர் கொண்ட நைலான் புஷ்ஷை இரும்புக் கூட்டில் அடித்து ஏற்றியிருக்கிறோம். பெருக்கும் நைலானுக்கு வெளியே போக இடமில்லை, எல்லாம் உள்நோக்கித்தான் வரும். முழு ஈரத்தில் துளை விட்டம் 0.25 முதல் 0.35 மி.மீ. வரை குறையும். வெண்கலப் புஷ்ஷுக்கு விடும் 0.05 மி.மீ. இடைவெளியை இதற்கும் விட்டால் சாஃப்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். கவ்வினால் சூடு, சூட்டில் இன்னும் பெருக்கம், கடைசியில் உருகி ஒட்டிக்கொள்ளும். ஈரத்தில் ஓடும் நைலான் புஷ்ஷுக்கு 40 மி.மீ. சாஃப்டில் 0.5 மி.மீ.-க்குக் குறையாமல் விடுங்கள். தொடக்கத்தில் ஆட்டம் இருப்பதாகத் தோன்றும், இருக்கட்டும். புரொப்பல்லர் சாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் ஸ்டெர்ன் டியூபில் சாதா நைலான் வேண்டவே வேண்டாம். அங்கே தண்ணீர் ஓடும் பள்ளங்கள் கொண்ட ரப்பர் பேரிங்தான் முறை, அதிர்வையும் அதுவே தாங்கும்.

பெருக்கத்தை முன்கூட்டியே வரவைத்துவிட ஒரு வழி உண்டு. கடைந்த துண்டை எடை போடுங்கள், 200 கிராம் என்று வையுங்கள். 80 டிகிரி சுடுநீரில் மூழ்கவிட்டு அவ்வப்போது எடுத்துத் துடைத்து எடை பாருங்கள். 206 கிராம் வந்தால் 3 சதவீதம் ஏறிவிட்டது. வெளியில் எடுத்து பிளாஸ்டிக் உறையில் கட்டி ஒரு வாரம் வைத்தால் மேலே நின்ற ஈரம் உள்ளே பரவும். அதன் பிறகு கடைசிக் கடைசல் எடுங்கள். ஈரம் ஏறிய நைலான் சற்று மெத்தென்று ஆகும், அடி தாங்கும், அதிர்வையும் கூடுதலாக அடக்கும். காய்ந்த நைலான்தான் பட்டென்று உடையும்.

அளவு மாறவே கூடாத இடத்தில் டெல்ரின் போடுங்கள். முழுக்க நனைந்தாலும் 1 சதவீதத்துக்குள்தான் குடிக்கும். ஆனால் அதற்குக் குளோரின் ஆகாது. பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவுகிற மீன் இறங்குதளங்களிலும் ஐஸ் பட்டறைகளிலும் டெல்ரின் நாளடைவில் மேலே வெளுத்து, வெடிப்பு விட்டுப் பொடியும்.

கடையில் "அண்ணே, வெள்ளை ராடு ஒண்ணு குடுங்க" என்றால் நைலானும் வரலாம், டெல்ரினும் வரலாம். கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டெல்ரின் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும், சுடரும் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. உப்பளம் உள்ள மாவட்டத்தில் அதைவிட நல்ல சோதனை கைவசம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் கல்லுப்பைப் போட்டு, அடியில் கொஞ்சம் கரையாமல் தங்கும் வரை கலக்குங்கள். இந்தக் கரைசலின் அடர்த்தி 1.2. துண்டை முதலில் நல்ல தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிதீன் வகை. மூழ்கினால் உப்புக் கரைசலுக்கு மாற்றுங்கள். நைலான் 1.15 என்பதால் மேலே வந்து மிதக்கும். டெல்ரின் 1.41, அடியிலேயே கிடக்கும். டெஃப்லானும் கிடக்கும், ஆனால் அதை நகத்தால் கீறலாம், டெல்ரினைக் கீற முடியாது. கண்ணாடி இழை கலந்த நைலானும் மூழ்கிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். துண்டில் ஒட்டிய காற்றுக் குமிழ்களை விரலால் தடவிவிட்டுப் பாருங்கள், குமிழ்கள் ஏமாற்றும்.

லேத்தில் நைலானுக்குக் கூரான எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல், 50 மி.மீ. ராடுக்கு 1200 சுற்றுக்குப் பக்கம். மழுங்கிய டூல் வெட்டாது, தேய்த்துச் சூடாக்கும். சக்கை நாடாபோல் நீண்டு ஜாப்பில் சுற்றும். லேத்தை நிறுத்திக் கொக்கியால் எடுங்கள், கை வைக்காதீர்கள். 1 மி.மீ. மிச்சம் விட்டு ஒரு நாள் ஆறப்போட்டு, பிறகு அளவுக்குக் கடையுங்கள். சூடாக இருக்கும்போது அளந்தால் தப்பு. 100 மி.மீ. நைலான் 13 டிகிரி சூட்டில் 0.12 மி.மீ. கூடக் காட்டும்.

வின்ச்சிலிருந்து வரும் கம்பிக் கயிறு ஓடும் கப்பிகளில் நைலான் கப்பி போட்டால் கிறீச்சொலி போகும், கயிற்றின் மேல் கம்பிகள் தேய்வதும் குறையும். 12 மி.மீ. கயிற்றுக்குப் பள்ளம் 13 மி.மீ. அகலம் இருக்கட்டும். இதில் ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இரும்புக் கப்பியில் ஓடும் கயிறு வெளியில் கம்பி தெறித்து, முள்போல் நீட்டி நமக்கு எச்சரிக்கை தரும். நைலான் கப்பியில் வெளிக்கம்பி பளபளப்பாகவே இருக்க, உள்ளே இழைகள் அறுந்துகொண்டிருக்கும். பார்க்க நன்றாக இருக்கிறதே என்று ஓட்டிக்கொண்டிருந்தால், இழுவலையின் முழுப் பாரத்தில் கயிறு தெறிக்கும். தளத்தில் நிற்கிற ஆளை அது வெட்டிவிடும். நைலான் கப்பிக்கு மாறினால், கண்ணால் பார்த்துக் கயிற்றை மாற்றும் வழக்கத்தை விட்டுவிட்டு, இத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்து மாற்றுங்கள்.

கைக்கருவிகளுக்கு வருவோம். 4 இன்ச் கிரைண்டர் 11,000 சுற்றில் ஓடினால் 183 ஹெர்ட்ஸ். இந்த வேகத்தில் ரப்பர், பி.யூ. உறைகள் நன்றாக வேலை செய்யும். பக்கக் கைப்பிடியின் போல்ட்டுக்கும் பிடிக்கும் நடுவில் மெத்தென்ற புஷ் உள்ள கைப்பிடியை வாங்கி மாட்டுங்கள். டிஸ்க்குக்கும் அதை இறுக்கும் இரும்பு ஃபிளாஞ்சுக்கும் இடையில் மட்டும் பிளாஸ்டிக் வாஷர் வெட்டிப் போடாதீர்கள். இறுக்கம் தளர்ந்து டிஸ்க் சிதறும். டிஸ்க்கோடு வரும் காகித வளையத்தைத் தவிர அங்கே எதுவும் கூடாது. பைபர் படகைத் தேய்க்கும்போது உதறல் திடீரென்று கூடினால் டிஸ்க் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

சீமைக்கருவேலம் அறுக்கும் செயின் ஸாவில் கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ரப்பர் தாங்கிகள் இருக்கும். பெட்ரோலும் எண்ணெயும் பட்டு அவை ஊதிப்போகும், கிழியும். கைப்பிடியை அசைத்துப் பார்த்தால் எஞ்சின் உடம்பில் டக்கென்று முட்டக் கூடாது. முட்டினால் அந்தத் தாங்கி போய்விட்டது, முழு அதிர்வும் கைக்கு வருகிறது. ஐரோப்பிய விதிப்படி 8 மணி நேரச் சராசரியில் கைக்கு வரும் அதிர்வு 2.5 மீ/வி² தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 தாண்டவே கூடாது. வருடக்கணக்கில் தாண்டினால் விரல் நுனி வெளுத்து மரத்துப்போகும் நோய் வரும். குளிர் பட்டதும் அது கிளம்பும். பகலில் கிரைண்டர் பிடித்து, அதிகாலையில் ஐஸில் கை வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வைஸ் தாடைகளுக்கு 10 மி.மீ. நைலான் பட்டை மாட்டினால் தகடு வெட்டும்போது வரும் அலறல் குறையும். வெட்டும் கோட்டுக்குப் பக்கத்திலேயே பிடிப்பதும் அவ்வளவு முக்கியம். பேரிங், புரொப்பல்லர் ஏற்ற நைலான் சுத்தி. திரும்பித் துள்ளக் கூடாதென்றால் உள்ளே இரும்புக் குண்டுகள் நிரப்பிய பி.யூ. சுத்தி.

வேலை பலித்ததா என்று பார்க்கப் போனிலுள்ள டெசிபல் ஆப் போதும். அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம், முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். அதே இடம், அதே 1 மீட்டர் தூரம், அதே பாரம். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டில் ஒன்றை முற்றாக நிறுத்தினாலும் 3 டெசிபல்தான் குறையும். பாதியாகிவிட்டது என்று காதுக்குத் தோன்ற 10 டெசிபல் குறைய வேண்டும். ஆகவே எது அதிகம் கத்துகிறதோ அதில் கை வையுங்கள். ஐஸ் வாயை விட்டுவிட்டு மோட்டார் மவுண்டில் பணம் போட்டால் மீட்டர் அசையாது. தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு வரம்பு 90 டெசிபல். ஷீட் போட்ட பிறகும் அதற்கு மேல் காட்டினால் காதடைப்பான் கட்டாயம்.

ஷீட் போட்ட முதல் வாரம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் பாரத்துக்கு மெல்ல நசுங்கிக் கொடுக்கும், பிடி தளரும். மறுபடி இறுக்கி, மறுபடி கால் சுற்று திருப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை. அதன் பிறகு ஷீட்டின் கனத்தை மூன்று இடத்தில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். தேய்ந்து தேய்ந்து போல்ட் தலை மேல்பரப்புக்கு வருவதற்கு முன்பே ஷீட்டை மாற்றிவிடுங்கள்.